கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும்

மேடம், லிஃப்ட் பழுதாவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஓட்டல் தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழிலேயே எழுதலாம், பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் ஆட்கள்தான் என்றும் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை.

முதலில் தெரிந்துகொள்வது பாதம்தான். லிஃப்டை விட்டு வெளியே வரும்போது லிஃப்டின் தளமும் கட்டடத்தின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அரை அங்குலம் இறங்கி நின்றால் செருப்பு நுனி தட்டும். தட்டுகிறவர்கள் தங்கள் நடையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு ஒரே வாசலில் தட்டினால் குறை நடையில் இல்லை, பிரேக்கில்.

அடுத்தது மூக்கு. பிரேக் தேய்ந்தால் பழைய ரப்பர் செருப்பை அடுப்பில் போட்ட வாசனை வரும். பிறகுதான் காது. கிளம்பும்போது ஒரு குலுக்கல், நிற்கும்போது ஒரு முனகல், கதவு மூடியபின் கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஒரு தாமதம். லிஃப்ட் எதையும் மறைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிடும். அதன் குணத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் ஆனந்தி. வயது இருபத்தாறு. மின் பொறியியல் படித்தேன். எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசையில் பத்து வீடுகள். அந்தப் பத்து வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெருமைக்காக எழுதவில்லை. ஊருக்கே என்மேல் ஒரு கண் இருந்தது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சாந்தன்பாறைப் பக்கம் நான் வேலை பார்க்கும் 'ஏலச்சாரல்' ரிசார்ட்டை நீங்கள் விசாரணைக்கு வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சரிவில் கட்டிய கட்டடம். ரோட்டு மட்டத்தில் இருக்கும் ரிசப்ஷன்தான் உச்சி. அறைகள் எல்லாம் அதற்குக் கீழே. ரிசப்ஷன் பூஜ்யம். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டே போனால் ஐந்தில் லாண்டரி, அதை ஒட்டி ஓடை. விருந்தாளிகளுக்கு முன்பக்கம் கண்ணாடி லிஃப்ட். வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் பழைய சர்வீஸ் லிஃப்ட். அதில் கதவு தானாகத் திறக்காது, கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த வகை லிஃப்டுக்கு ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் அந்தத் தளத்தில் வந்து நின்றால் மட்டுமே அந்தத் தளத்துக் கதவின் பூட்டு விடும். அதனால் வேலை செய்கிறவர்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கதவு திறந்தால் லிஃப்ட் நிற்கிறது என்று அர்த்தம்.

நான் அங்கே மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, பழுதான இடங்களில் மாட்டுவதற்கு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகைகள் இருந்தன. அறைகளைச் சுத்தம் செய்யும் பதினாலு பெண்களில் ஒன்பது பேருக்கு இரண்டும் வாசிக்க வராது. சேர்ந்த முதல் மாதத்திலேயே பலகை மாட்டிய வாட்டர் ஹீட்டரைப் போட்டு ஒருத்திக்கு ஷாக் அடித்தது. அதன் பிறகு நான் பலகையை விட்டுவிட்டுச் சிவப்புத் துணிக்கு மாறினேன்.

அது என் கண்டுபிடிப்பு இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து உருட்டும் ரோலருக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் இன்னொருவன் கட்டிய துணியைத் தொட மாட்டார். எங்கள் ஆட்களுக்கு இது எழுத்தைவிடப் பெரியது. ஏலச்சாரலில் துணி கட்டும் கை என் கை. துணி இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் ஆனந்தி பார்த்துவிட்டாள், போகலாம். இதைவிட எளிய ஏற்பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். உங்கள் குறிப்பில் இதைச் சேர்க்கலாம்.

இதை முதலில் பிடித்துக்கொண்டது ராமுத்தாய். எங்கள் லயத்தில் நாலாவது வீடு. நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, அங்கே எல்லாரும் அப்படித்தான். எஸ்டேட்டில் ஓய்வு கொடுத்த பிறகு ஏலச்சாரலில் ஹவுஸ்கீப்பிங்குக்கு வந்திருந்தாள். என்னை இஞ்சினியரு என்பாள்.

"ஏட்டி இஞ்சினியரு, ஒன் பெட்டி என்னையப் பாத்தாலே மூச்சு வாங்குது. நான் குண்டாயிட்டேனா, அதுக்கு வயசாயிருச்சா?"

"ரெண்டும்தான் அத்தை."

"வாயி. டிகிரி வாங்குனது வாய்க்குத்தான் போல."

பெட்டி என்று அவள் சொன்னது லிஃப்டை, மூச்சு வாங்குகிறது என்றது பிரேக்கை. பிப்ரவரி மாதம். பிரேக் வாசனையை எனக்கு முன்பே கண்டுபிடித்தது அவள். படிக்காதவள்தான், ஆனால் ஒரு மெஷின் சொல்வதைக் கேட்கத் தெரிந்தவள். இதையும் நான் மறைக்கவில்லை.

நான் ரிஜிஸ்டரில் எழுதினேன். பிப்ரவரி பன்னிரண்டில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை பதினொரு முறை எழுதினேன். மேனேஜர் வேல்முருகன் சார் அறைக்கு நாலு முறை நேரில் போனேன். நாலாவது முறை ராமுத்தாய் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், பிரேக் லைனிங் போயிருச்சு. நின்ன லிஃப்ட் தானா இறங்குது. யாராவது கால வச்சா போச்சு."

"ஆனந்தி, நீ படிச்சது லிஃப்ட் ஓட்டவா, கதை எழுதவா? விஷு சீசன் போகட்டும். மெக்கானிக்க வரச்சொல்லலாம்."

"அதுவரைக்கும் துணி கட்டிடுறேன் சார்."

"கட்டுனா நாளைக்கு நீ ஜோலிக்கு வரண்டாம்."

ராமுத்தாய் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ள சொல்றது நெசந்தான் சார், தீஞ்ச வாட அடிக்குது" என்றாள். சார் அவளைப் பார்க்கவில்லை. அதுவரை என் பக்கம் பேசிய ஒரே ஆள் அவள்தான். நான் அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆறு நாள் கழித்து லாண்டரி பாண்டி அண்ணன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே கால் வைத்தபோது லிஃப்ட் இறங்கியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

முதலாளி தரப்பில் எர்ணாகுளத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். லிஃப்டுக்குப் பொறுப்பான ஆனந்தி தன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றார் வேல்முருகன் சார். ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார்கள். நான் எழுதிய பக்கங்கள் இருந்த இடத்தில் நூல் மட்டும் இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. ராமுத்தாயைக் கேளுங்கள் என்றேன். அன்று அவள் சார் அறையில் இருந்தாள், அவள் காதால் கேட்டாள், அவளே வாய் திறந்து சொன்னாள் என்றேன்.

கூட்டி வந்தார்கள். மலையாளத்தில் கேட்டார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தமிழில் பதில் சொன்னாள்.

"இந்தப் பிள்ள சார்ட்ட ஒண்ணும் சொல்லல. எந்நேரமும் போனுலதான் இருக்கும்."

இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தைச் சொல்லும்படி சார் அவளிடம் சொல்லியிருந்தார். அது எனக்குப் புரிந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்குக் கொடுத்த கெடு மே மாதத்தோடு முடிய இருந்தது. ரிசார்ட்டின் பின்னால் வேலைக்காரர்களுக்கு இருக்கும் அறைகளில் ஒன்றை அந்த வாரம்தான் சார் அவளுக்கும் அவள் மகள் ஆர்த்திக்கும் திறந்துவிட்டிருந்தார். ஓர் அறைக்காக ஒரு பொய். கணக்கு நேராகவே இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அதை அவளே சேர்த்தாள்.

மன்னிப்புக் கடிதம் ஒன்றை டைப் செய்து கொண்டுவந்தார்கள். என் கவனக்குறைவால் இந்த விபத்து நடந்தது, இனி இப்படி நடக்காது. கையெழுத்துப் போட்டால் வேலையில் இருக்கலாம், போடாவிட்டால் என்மேல் கேஸ். நான் போட மாட்டேன் என்றேன். என் அப்பா பிச்சைமணி ஏலக்காட்டிலிருந்து வேலை உடுப்போடு வந்து ரிசப்ஷன் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தரை அழுக்காகும் என்று செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"ஒப்புப் போட்டுக் குடுத்துரு தாயி. ஜெயிலுக்குப் போன பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்."

போட்டேன். நாலு வருஷம் படித்த கையெழுத்து. முதல் தடவை அது எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

அடுத்த திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் பாண்டி அண்ணன் மனைவி அழகுத்தாய் என் முன்னால் வந்து நின்றாள். "படிச்ச கழுத. ஊரெல்லாம் எழுதத் தெரிஞ்சவளுக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலயாக்கும்" என்று சொல்லி, என் காலடியில் துப்பினாள். பஸ் வந்தது. ஏறினேன். பக்கத்தில் இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

ராமுத்தாயிடம் நான் ஒரே ஒரு முறை கேட்டேன். ஒன்றாம் தளத்தில் லினன் அறை இருக்கிறது, படுக்கை விரிப்பும் துண்டும் வைக்கும் இடம். அங்கே அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு வேற வழி என்னத்தடி? ஒனக்குப் படிப்பு இருக்கு. இங்க இல்லாட்டி எங்கிட்டாவது பொழச்சுக்கிருவ. எனக்கு அந்த ரூமு போச்சுன்னா ஆர்த்தியக் கூட்டிக்கிட்டு ரோட்டுலதான் நிக்கணும்."

"சரி. போன்லதான் இருக்கும்னு ஏன் சொன்ன?"

இதற்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒன்றைச் சொன்னதே அவளுக்கு நினைவில் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அதுவா. சும்மா வாயில வந்துருச்சு. அதப் போயி மனசுல வச்சுக்கிட்டு இருக்கியா?" என்று சிரித்து, ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் கட்டன் டீ ஊற்றினாள். நான் குடித்தேன். சூடாக இருந்தது.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வேல்முருகன் சார் எனக்குத் துரோகம் செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் என் பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை, அதனால் விட்டுப்போகவும் இல்லை. என் பக்கம் இருந்தவள் ஒருத்தி. அவளுக்கு நான் சும்மா வாயில் வந்து போகிற ஆள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அதற்குப் பிறகும் அவள் என்னிடம் மாறவில்லை. அதே இஞ்சினியரு. அதே கிண்டல். துணி கட்டியிருந்தால் நின்றாள், இல்லாவிட்டால் போனாள். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்திக்கு அவளே சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன்: "அந்தப் பிள்ள துணி இல்லைன்னா நீ கண்ண மூடிக்கிட்டுப் போலாம்." இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். யாருடைய வார்த்தையை நம்பி உயிரோடு நடமாடுகிறாளோ, அந்த ஆளின் வார்த்தையைத்தான் பொய் என்று சொன்னாள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

திரும்பவும் லிஃப்டுக்கு வருகிறேன். கதவுப் பூட்டை எப்படிச் சோதிப்பது என்பது உங்கள் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். லிஃப்ட் வேறு தளத்தில் இருக்கும்போது உங்கள் தளத்துக் கதவை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. கொஞ்சம் ஆடினாலே பூட்டின் நாக்கு தேய்ந்திருக்கிறது. திறந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நகராமல் ஆளைக் கூப்பிடுங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது லிஃப்ட் அல்ல, கிணறு.

பாண்டி அண்ணன் விபத்துக்குப் பிறகு பிரேக்கை மாற்றினார்கள். பூட்டுகளை மாற்றவில்லை. ஜூலை மழையில் இரும்பு ஊறி, பூட்டு சரியாக விழாமல் லிஃப்ட் அடிக்கடி கிளம்ப மறுத்தது. அப்படி மறுப்பதுதான் அதன் கடைசி எச்சரிக்கை. சார் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்து, பூட்டு விழாவிட்டாலும் லிஃப்ட் ஓடும்படி ஒரு துண்டு ஒயரால் இணைக்கச் சொன்னார். ஓணம் வருகிறது, அறைகள் நிரம்பிவிட்டன. ஆகஸ்ட் நாலாம் தேதி நான் ஒன்றாம் தளத்துக் கதவை இழுத்தேன். திறந்துகொண்டது. கீழே இருட்டு, கயிற்றின் கிரீஸ் வாசனை, எங்கோ ஓடைச் சத்தம்.

உடனே துணி கட்டினேன். ஒயரையும் பூட்டையும் போட்டோ எடுத்துச் சாருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ரிஜிஸ்டரில் எழுதி அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்தேன். "ஓணம் கழியட்டும்" என்று சார் பதில் போட்டார். அதையும் சேமித்தேன். ஏப்ரலில் எனக்கு இந்தப் புத்தி இல்லை. பட்டால்தான் வரும். பிறகு நீங்களும் போலீஸும் பார்த்த ஆதாரம் எல்லாம் அதுதான்.

துணி கட்டியிருந்த ஒன்பது நாளும் லினன் அறைப் பெண்கள் ஒன்றாம் தளத்தில் லிஃப்டைத் தொடவில்லை. விரிப்பு மூட்டைகளைத் தலையில் வைத்துப் படியேறி, பூஜ்யத்துக்குப் போய், அங்கே லிஃப்ட் பிடித்தார்கள். ராமுத்தாய்க்கு முழங்கால் வலி.

"எப்பதான்டி அவுப்ப? காலு ரெண்டும் கழண்டு போகும் போல."

"சரியானதும் அவுப்பேன்."

"சீக்கிரம் சரி பண்ணு. அதுக்குத்தான ஒன்னையப் படிக்க வச்சுது."

என்னைப் படிக்க வைத்தது என் அப்பா. அவள் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். அவளிடமிருந்து வருவது எல்லாமே பேச்சுக்குத்தான்.

ஆகஸ்ட் பதின்மூன்று, காலை ஏழு மணி. மழைக்காலத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். குழி ஐந்தாம் தளத்துக்கும் கீழே இருக்கிறது, ஓடைத் தண்ணீர் கசியும். பார்ப்பதற்காக லிஃப்டில் ஐந்துக்குப் போனேன். தண்ணீர் இல்லை. திரும்பும்போது படியேறி வந்தேன். லிஃப்ட் ஐந்திலேயே நின்றது. ஒன்றுக்கு வந்தபோது துணி மழைச்சாரலில் நனைந்து கனத்திருந்தது. அவிழ்த்தேன். பிழிந்து காயப்போட வேண்டும் என்று நினைத்தேன். இதைத்தான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரத்துணி. நனைந்தால் யாரும் அவிழ்ப்பார்கள்.

மற்றப் பெண்கள் எட்டு மணிக்கு வருவார்கள். பின்னால் அறை கிடைத்ததிலிருந்து ராமுத்தாய் ஏழரைக்கே வந்துவிடுவாள். முதல் ட்ராலி எப்போதும் அவளுடையதுதான். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது எழுதினால் மேலே எழுதியதெல்லாம் வீணாகிவிடும்.

நான் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றேன். பனி மூடியிருந்தது, ஆனாலும் நடைபாதை விளக்கில் எல்லாம் தெரிந்தது. அவள் லினன் அறையிலிருந்து ட்ராலியோடு வந்தாள். கதவைப் பார்த்தாள். கைப்பிடியில் துணி இல்லை.

"அப்பாடா. அவுத்துட்டாளா எம்புள்ள" என்றாள். அங்கே யாரும் இல்லை. யாருக்கும் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

லிஃப்டுக்குள் ட்ராலியை யாரும் தள்ளிக்கொண்டு போவதில்லை. வாசலில் சக்கரம் சிக்கும். கதவைத் திறந்துவிட்டு, திரும்பி நின்று, ட்ராலியை இழுத்துக்கொண்டே பின்னால் நடப்பார்கள். எல்லாரும் அப்படித்தான். அவளும் அப்படித்தான் போனாள். நான் நின்ற இடத்திலிருந்து அவளுக்கு ஏழு தப்படி தூரம். கூப்பிட நேரம் இருந்தது. அவள் கைப்பிடியை இழுத்ததிலிருந்து பின்னால் அடி வைத்தது வரை "அத்தை" என்று மூன்று முறை கூப்பிடலாம். பிறகு நான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், மூன்று முறை வந்தது.

எட்டரைக்கு லாண்டரியில் சுவக்கீன் அண்ணன் ஐந்தாம் தளத்துக் கதவைத் திறந்து, லிஃப்டின் உள்தரையில் ரத்தம் சொட்டியிருப்பதைப் பார்த்தார். பிறகு நடந்தது எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. என் போட்டோக்கள், சாரின் பதில், துண்டு ஒயர். வேல்முருகன் சாரை அழைத்துப்போனார்கள். பாண்டி அண்ணன் விபத்தையும் திரும்ப விசாரித்தார்கள். என் மன்னிப்புக் கடிதம் மிரட்டி வாங்கியது என்று எழுதினார்கள். அழகுத்தாய் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா மறுபடி ஆட்களோடு டீக்கடையில் உட்காருகிறார். உயிரோடு இருந்தபோது எனக்காகச் சொல்லாத சாட்சியை ராமுத்தாய் ஒரே காலையில் சொல்லிவிட்டாள்.

அன்று துணி இருந்ததா என்று அதிகாரிகள் யாரும் கேட்கவில்லை. அது எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்கள் ஆட்கள் கேட்டார்கள். கதவில் துணி கட்டியிருந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். அதனால் ராமுத்தாய் துணியைக் கவனிக்காமல் போய்விட்டாள் என்று ஆனது. ஆர்த்தி மட்டும் சாவு வீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கம்மா ஒங்க துணியப் பாத்தா தாண்டிப் போகாதேக்கா" என்றாள். "அத்தைக்குக் கொஞ்ச நாளா கண்ணு மங்கலா இருந்துச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

வேல்முருகன் சாரை விடுவிக்க நான் இதை எழுதவில்லை. அவர் செய்தது அவர் செய்ததுதான், அவர் உள்ளேயே இருக்கட்டும். நீங்கள் என்னைப் பயிற்சிக்கு மேடையில் உட்காரவைத்து, துணி கட்டும் முறையை மற்ற ஓட்டல்களுக்கும் சொல்லித்தரச் சொன்னீர்கள். சரியாகச் சொல்லித்தர வேண்டுமானால் முழுதாகச் சொல்ல வேண்டும். லிஃப்டை ஐந்துக்கு அனுப்பியது நான். துணியை அவிழ்த்தது நான். தண்ணீர் பார்க்கவும் இல்லை, துணி அவ்வளவு நனையவும் இல்லை.

கடைசியாக ஒரு விதி பாக்கி. லிஃப்டிலோ குழியிலோ ஆள் சிக்கினால், உதவி வரும்வரை மேலே இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிபட்டவர் பேசினால் பதில் சொல்ல வேண்டும்.

விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆர்த்திக்கு அது ஆறுதல். உடனே போகவில்லை. முப்பத்துநாலு அடி கீழே, லிஃப்டின் கூரைமேல் கிடந்தாள். ட்ராலி வாசலில் சிக்கி, பின் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் போய் அதை வெளியே இழுத்தேன். அப்போது என் நிழல் உள்ளே விழுந்திருக்க வேண்டும். யாரோ லிஃப்டில் ஏற வருகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"யாரது... வராத... லிப்ட்டு இல்ல தாயி... கால வச்சுராத."

இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை குரல் அடங்கியிருந்தாலும் வார்த்தை தெளிவாக இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. கதவை மூடி, துணியைக் கைப்பிடியில் இரண்டு முடிச்சாகக் கட்டினேன். அன்று அந்த வாசலில் வேறு யாரும் விழவில்லை.